ரிக்கெற் விலைக்கு மேலே

2023 ஒக்ரோபர் 21 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் ‘யாழ் கானம்’ நடந்தது. நுழைவு இலவசம். நாலு மாதம் ஆகுமுன், 2024 பெப்ரவரி 9 அன்று, அதே வெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சி. இம்முறை இலவசமாக நின்று பார்க்கும் பகுதியும் இருந்தது, காசு கொடுத்து இருந்து பார்க்கும் பகுதியும் இருந்தது. இரவு ஏற ஏறக் கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தது. நிகழ்ச்சி இடையில் நின்றது. ரிக்கெற் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் அந்த நேரத்தில் இருந்த ஒரே வித்தியாசம், ஒருவருடைய சட்டைப்பையில் காசு குறைந்திருந்தது என்பதுதான்.

அதற்குப் பிறகு ஊர் பேசியதெல்லாம் ஒழுக்கத்தைப் பற்றி. எங்கள் பிள்ளைகள் இப்படி நடக்கலாமா, வெளியில் இருந்து பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே பேச்சாக இருந்தது. காசு கொடுத்தவர் உண்மையில் எதை வாங்கினார், அது கிடைக்காவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அதிகம் எழவில்லை. எழாததில் வியப்பும் இல்லை. கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் இசைக்குழுவை மணலில் இருந்து காசில்லாமல் கேட்டுப் பழகிய குடாநாடு இது. ரிக்கெற் என்றால் தியேட்டர் வாசலிலும் வீரசிங்கம் மண்டபத்து மேசையிலும் கையில் கிடைக்கும் கடதாசித் துண்டு. இன்றைக்கு அது தொலைபேசித் திரையில் ஒரு கியூஆர் குறியீடு. அதன் விலைக்குக் கீழே ‘சேவைக் கட்டணம்’, ‘வசதிக் கட்டணம்’, ‘கார்ட் கட்டணம்’ என்று ஒவ்வொரு வரியாக முளைக்கிறது. இந்த அத்தியாயம் அந்த வரிகளைப் பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ரிக்கெற் விஷயத்தில் வரும் மனக்குறைகள் மூன்று வகை. விலையை மறைத்துக் கடைசித் திரையில் கூட்டுவது ஒன்று. சொன்ன இருக்கையை, சொன்ன நிகழ்ச்சியைத் தராமல் விடுவது இன்னொன்று. வாங்குபவருக்கு வேறு வழியே இல்லாதபடி ஒருவரே எல்லா வாசலையும் பிடித்து வைத்திருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் சட்டம் வேறு, அலுவலகம் வேறு, வெற்றி வாய்ப்பும் வேறு. “எல்லாம் கொள்ளை” என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் கொட்டுகிறவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை.

சேவைக் கட்டணம் எங்கே போகிறது

திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் விலை கூடினால் சுன்னாகம் சந்தைக்குப் போகலாம். இசை நிகழ்ச்சிக்கு அந்த வசதி இல்லை. ஒரு பாடகர், ஓர் இரவு, ஓர் அரங்கு, ரிக்கெற் விற்கும் உரிமை ஒருவருக்கு. அவர் கேட்கும் கட்டணம் பிடிக்காவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் அரங்கின் உரிமையாளராவது மலிவாக விற்பவரைத் தேடிப் பிடிக்கமாட்டாரா? இங்கேதான் சூட்சுமம். பெரிய நாடுகளில் ரிக்கெற் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ரசிகர் அல்ல, அரங்கு. “எங்களுக்கு மட்டும் விற்பனை உரிமையைத் தாருங்கள், சேவைக் கட்டணத்தில் உங்களுக்கும் பங்கு தருகிறோம், ஒரு தொகையை முன்கூட்டியே தருகிறோம்” என்று நிறுவனங்கள் அரங்குகளோடு பல வருட ஒப்பந்தம் போடுகின்றன. கட்டணம் கூடினால் அரங்கின் பங்கும் கூடும். ஆகவே நிறுவனங்களுக்கிடையே போட்டி இருந்தாலும் அது அரங்கைப் பிடிப்பதற்கான போட்டி. அந்தப் போட்டியின் செலவை ரசிகர் கட்டுகிறார். மற்ற வியாபாரங்களில் போட்டி விலையைக் குறைக்கும் என்று நம்பிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். 2018இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் ஒரு பகுதி ரிக்கெற்றுகளை எடுத்துப் பார்த்தபோது, முதல்நிலை விற்பனையில் கட்டணங்கள் மட்டும் சராசரியாக ரிக்கெற் விலையின் 27 வீதமாக இருந்தன.

இந்த ஏற்பாட்டின் உச்சியில் இருப்பது லைவ் நேஷன், ரிக்கெற்மாஸ்ரர் இணைப்பு. நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்யும் மிகப் பெரிய நிறுவனமும் ரிக்கெற் விற்கும் மிகப் பெரிய நிறுவனமும் 2010இல் ஒன்றாயின. அமெரிக்க நீதித் திணைக்களம் சில நிபந்தனைகளோடு அதற்கு இடம்கொடுத்தது. நிகழ்ச்சி தரமாட்டோம் என்று மிரட்டி அரங்குகளைத் தங்கள் ரிக்கெற் முறைக்கு இழுக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. அது சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று சொல்லி 2019இல் நிபந்தனைகள் நீட்டிக்கப்பட்டன. 2022 நவம்பரில் டெய்லர் சுவிஃப்டின் சுற்றுப்பயண ரிக்கெற்றுகளை விற்கப்போய் இணையத்தளம் நிலைகுலைந்தது. 2023 ஜனவரியில் செனற் குழு நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரித்தது. 2024 மே 23 அன்று நீதித் திணைக்களமும் பல மாநிலங்களும் சேர்ந்து, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தன. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. கட்டணத்தை நிர்ணயிப்பதும் அதில் பெரும்பங்கை எடுப்பதும் அரங்குகளே என்பது அதன் பதில். அந்தப் பதிலில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அரங்குகளிலும் பலவற்றை அந்த நிறுவனமே நடத்துகிறது என்பதைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இதெல்லாம் புதிதும் அல்ல. 1994இல் பேர்ள் ஜாம் என்ற ராக் குழு, தங்கள் ரசிகர்களிடம் அறவிடும் சேவைக் கட்டணத்தைக் குறைக்க ரிக்கெற்மாஸ்ரர் மறுக்கிறது என்று நீதித் திணைக்களத்திடம் முறையிட்டது. குழுவினர் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னால் போய்ச் சாட்சி சொன்னார்கள். அடுத்த வருடம் திணைக்களம் கோவையை மூடிவிட்டது.

ஐந்து கோடிப் பேரும் இரண்டேகால் டொலரும்

அரசு வழக்குப் போடும்வரை காத்திருக்க விரும்பாத அமெரிக்க ரசிகர்களுக்கு வேறொரு பாதை உண்டு. ஒரே விதமாகப் பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் ஓரிருவர் முன்னுக்கு நின்று வழக்காடலாம். தீர்ப்பு அத்தனை பேருக்கும் பொருந்தும். கூட்டு வழக்கு என்று இங்கே அதைச் சொல்லலாம். தனி ஆளுக்கு நட்டம் பத்து டொலர் என்றால் எந்தச் சட்டத்தரணியும் கோவையைத் திறக்கமாட்டார். ஒரு கோடிப் பேருக்குப் பத்து டொலர் என்றால் திறப்பார்.

2003இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஒரு வழக்கு இந்தப் பாதையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒன்றாகக் காட்டும். ‘ஓடர் பரிசீலனைக் கட்டணம்’ என்று ரிக்கெற்மாஸ்ரர் அறவிட்ட தொகை உண்மையான பரிசீலனைச் செலவு அல்ல, அதற்குள் இலாபம் ஒளிந்திருக்கிறது, பெயர் ஆளை ஏமாற்றுகிறது என்பது வாதம். விரைவுத் தபால் கட்டணத்திலும் அதே குறை சொல்லப்பட்டது. கட்டணம் கூட என்று அவர்கள் வழக்காடவில்லை. அதன் பெயர் பொய் என்று வழக்காடினார்கள். பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டு இணக்கத்துக்கு வந்தது. 1999 ஒக்ரோபருக்கும் 2013 பெப்ரவரிக்கும் இடையில் இணையத்தில் ரிக்கெற் வாங்கிய சுமார் ஐந்து கோடிப் பேர் பயனாளிகள். 2016 ஜூனில் அவர்களுடைய கணக்குகளில் வந்து விழுந்தது என்ன? அடுத்த தடவை வாங்கும்போது 2.25 டொலர் கழிக்கும் குறியீடுகள், தெரிவுசெய்யப்பட்ட சில நிகழ்ச்சிகளுக்கான இலவச ரிக்கெற்றுகள். அந்த நிகழ்ச்சிகளின் இடங்களும் வேகமாக முடிந்துபோயின. கழிவு வேண்டுமானால் யாரைப் பற்றி முறைப்பட்டார்களோ அவரிடமே திரும்பவும் போய் வாங்க வேண்டும். கேட்கச் சிரிப்பு வரும்தான்.

இத்தகைய வழக்குகளுக்கு எதிராக நிறுவனங்கள் ஒரு வேலியைப் போட்டன. ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்று ரசிகர் தட்டும் அந்தப் பெட்டிக்குள், தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகமாட்டேன், கூட்டாக வழக்காடமாட்டேன், தனிப்பட்ட நடுவரிடம் போவேன் என்ற வாசகம் இருந்தது. 2020இல் ரசிகர்கள் தொடுத்த ஏகபோக வழக்கு இந்த வேலியில்தான் மாட்டியது. 2023 பெப்ரவரியில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இதற்கிடையில் நிறுவனம் வேலியை இன்னும் உயர்த்த நினைத்து, ஆயிரக்கணக்கான முறைப்பாடுகளைக் கட்டாகக் கட்டித் தீர்க்கும் ஒரு புதிய நடுவர் நிறுவனத்துக்கு மாறியிருந்தது. ரசிகர்கள் 2022இல் தொடுத்த ஹெக்மன் வழக்கில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஒக்ரோபர் 28 அன்று அந்த விதிகளைப் படித்துப் பார்த்து, இவ்வளவு ஒருதலைப்பட்சமான ஏற்பாட்டை நடைமுறைப்படுத்த முடியாது என்றது. ஒழுங்கான வேலியோடு நின்றிருந்தால் நிறுவனம் தப்பியிருக்கும். பேராசையால் ரசிகர்களுக்கு நீதிமன்றக் கதவு திறந்தது.

கனடாவில் இருக்கும் உறவினர்களுக்கு வேறு விதமான பாதுகாப்பு. அங்கே ஏகபோகம் இருக்கிறதா என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசியில் இன்னொரு விலையை வாங்கினாலே பிழை. இந்தக் காரணத்துக்காக 2019இல் ரிக்கெற்மாஸ்ரர் 45 இலட்சம் கனடிய டொலர் கட்டியது. 2024 செப்ரெம்பரில் சினிப்ளெக்ஸ் திரையரங்கு நிறுவனத்துக்கு, இணையத்தில் பதிவதற்கு வாங்கிய வெறும் ஒன்றரை டொலர் கட்டணத்தை முதலிலேயே காட்டவில்லை என்பதற்காக, 3 கோடியே 89 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அமெரிக்காவும் 2025 மே 12 முதல் நிகழ்ச்சி ரிக்கெற்றுகளின் முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்டச் சொல்கிறது. ஏகபோக வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட, விலையை மறைக்காதே என்ற எளிய விதி விரைவாக வேலை செய்திருக்கிறது. குடாநாட்டு வாசகர் மனதில் வைத்திருக்க வேண்டிய பாடம் இதுதான்.

பனையூரும் டெல்லியும்

2023 செப்ரெம்பர் 10 அன்று சென்னைக்கு வெளியே பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நடந்தது. ஓகஸ்ட்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி. கையில் ரிக்கெற்றோடு ஏராளமானோர் உள்ளே போக முடியாமல் வீதியில் நெரிபட்டுத் திரும்பினார்கள். அளவுக்கு மேல் ரிக்கெற் விற்றதாக ஒழுங்கமைப்பாளரான ஏ.சி.டி.சி. நிறுவனத்தின் மீது குற்றச்சாட்டு எழுந்தது. உள்ளே போக முடியாதவர்கள் ரிக்கெற்றின் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பும்படி ரஹ்மான் கேட்டார். பணம் திரும்பக் கிடைத்தவர்கள் ஒரு பக்கம். விடாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் இழப்பீடு கேட்டவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்திலும் முதலில் கேட்கப்பட்டது ஒரே பொருள்தான்: ரிக்கெற்றின் பிரதி.

இது சொன்னதைத் தராத வகை. மூன்றாவது வகைக்கு இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. புக்மைஷோ நிறுவனம் தியேட்டர்களோடு தனியுரிமை ஒப்பந்தம் செய்துகொண்டு, வசதிக் கட்டணத்தைப் பங்குபோட்டு, புதிதாக வருபவர்களை நுழையவிடாமல் தடுக்கிறது என்று ஒரு சிறிய போட்டி நிறுவனத்தை நடத்தியவர் முறையிட்டார். 2022 ஜூனில் டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையம் அதில் முகாந்திரம் இருக்கிறது என்று சொல்லி விசாரணைக்கு உத்தரவிட்டது. முறையிட்டது ரசிகர் அல்ல, இன்னொரு வியாபாரி என்பதைக் கவனிக்க வேண்டும். ஏகபோக முறைப்பாட்டுக்கு வேண்டிய ஒப்பந்தங்களும் கணக்குகளும் வியாபாரிகளின் கையில்தான் அகப்படும்.

இங்கே சட்டம் எவ்வளவு தூரம் வரும்

இலங்கையில் பாவனையாளருக்கான அடிப்படைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதற்கு முன் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியாய வர்த்தக ஆணைக்குழு என்று ஒன்று இருந்தது. ஏகபோகங்களையும் நிறுவன இணைப்புகளையும் விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. 2003இல் ஆணைக்குழு போனது. அந்த அதிகாரமும் அதோடு போனது. புதிய சட்டத்தின் 34ஆம் பிரிவில், போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளை அதிகார சபை தானாகவோ முறைப்பாட்டின் பேரிலோ விசாரிக்கலாம் என்று மட்டும் இருக்கிறது. இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்வதைத் தடுக்க அதில் வழியில்லை. ஆகவே “இவர்கள் ஏகபோகம்” என்று கோபமாக எழுதுவதில் இங்கே பயன் குறைவு.

பயன் இருப்பது வேறு மூன்று இடங்களில். 30ஆம் பிரிவு பாவனையாளரை ஏமாற்றும், அல்லது ஏமாற்றக்கூடிய எந்த நடத்தையையும் வியாபாரிக்குத் தடைசெய்கிறது. சுவரொட்டியில் 3,000 ரூபா, கடைசித் திரையில் 3,450 ரூபா என்றால் பேச வேண்டியது இந்தப் பிரிவைப் பற்றி. 32ஆம் பிரிவு, சேவை தருகிறவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் தருவார் என்ற உத்தரவாதம் சொல்லாமலே உண்டு என்கிறது. இலக்கமிட்ட கதிரையை விற்றுவிட்டு அந்தக் கதிரைக்குப் போகும் பாதையைக் காக்காதவருக்கு இது பொருந்தும். 13ஆம் பிரிவு முறைப்பாட்டு விசாரணைக்கானது. நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ அதிகார சபை கட்டளையிடலாம். அதில் ஒரு முள் இருக்கிறது: சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். “அண்ணை, அவங்கள் பிறகு தாறம் எண்டவங்கள்” என்று நாலாம் மாதம் போய் நிற்பவருக்கு அதிகாரி அனுதாபத்தை மட்டும்தான் தரமுடியும்.

அமெரிக்காவில் உள்ளது போன்ற கூட்டு வழக்கு இங்கே இல்லை. மிக நெருக்கமானது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவு. ஒரே அக்கறை உடைய பலருக்காக ஓரிருவர், நீதிமன்றத்தின் அனுமதியோடு, வழக்காடலாம். ஆனால் வென்றால் செலவை எப்படிப் பங்கிடுவது, தோற்றால் யார் தாங்குவது என்பதற்கு அமெரிக்காவைப் போலப் பழகிய பாதை கிடையாது. முன்னூறு பேருக்கு ஆளுக்கு 450 ரூபா என்றால் மொத்தம் 1,35,000 ரூபா. சட்டத்தரணியின் கட்டணத்துக்கே போதாது.

கூட்டாக நியாயம் கிடைத்த வழக்கே குடாநாட்டில் இல்லை என்று நினைக்க வேண்டாம். சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு இருக்கிறது. சுன்னாகத்தில் மின்சாரம் உற்பத்தி செய்த நொதேர்ண் பவர் நிறுவனத்தால் நிலத்தடி நீர் மாசடைந்தது என்று 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்று தாக்கலானது. தாக்கல் செய்தவர் கிணற்றுக்காரர் அல்ல. சூழல் ஆய்வு அமைப்பொன்றின் தலைவர், பொதுநலனுக்காக வந்தவர். 2019 ஏப்ரல் 4 அன்று நீதிமன்றம், கவனிக்கத் தவறிய அரச நிறுவனங்கள் மக்களின் உரிமையை மீறியதாகவும், பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்காக அந்த நிறுவனம் 2 கோடி ரூபா கட்ட வேண்டும் என்றும் தீர்த்தது. ஒரு மனு, பல நூறு கிணறுகள்.

அந்த வழி ரிக்கெற்றுக்குத் திறக்குமா? நேராகத் திறக்காது. அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிரானது, அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். ரிக்கெற் விற்பவர் தனியார். அதிகார சபையே எழுத்திலான முறைப்பாட்டைத் தொடாமல் கிடப்பில் போட்டால் அப்போது அது வேறு கதை. அதைச் சட்டத்தரணியோடு பேச வேண்டும். சுன்னாகம் வழக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: நீர் மாதிரி ஆய்வுகளும் ஆவணங்களும் கோவையில் இருந்தன. ஊர் முழுக்கக் குமுறியது மட்டும் போதியிருக்காது.

என்ன செய்வது

ரிக்கெற் வாங்கும்போதே முறைப்பாட்டுக்கான கோவையும் தொடங்கிவிடுகிறது. சுவரொட்டியைப் படம் எடுத்து வைக்க வேண்டும். முகநூல் விளம்பரம் என்றால் திரையைப் பதிவுசெய்ய வேண்டும், ஏனென்றால் நிகழ்ச்சி கெட்ட மறுநாள் அந்தப் பதிவு பெரும்பாலும் காணாமல் போகும். பணம் கட்டும் பக்கத்தில் ரிக்கெற் விலையும் கட்டணங்களும் தனித்தனியாகத் தெரியும் திரையைப் பிடித்து வைக்க வேண்டும். குடாநாட்டில் இன்னும் வழக்கத்தில் இருக்கும் முறை, வங்கியில் காசைப் போட்டு அந்தச் சிட்டையை வட்ஸ்அப்பில் அனுப்புவது. அதில் பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பார்க்காமல் போடக்கூடாது. நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனி ஆளின் பெயரில் கணக்கு இருந்தால், பிறகு யாரை எதிர்த்து முறையிடுவது என்பதே ஒரு தகராறாகிவிடும். பற்றுச்சீட்டுக் கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை. கேட்கக் கூச்சப்படுவதுதான் இங்கே பெரிய பிரச்சினை, தெரிந்த பெடியன் விற்கிறான் என்றால் இன்னும் கூச்சம்.

கார்டில் கட்டினால் இரண்டரை, மூன்று வீதம் கூட என்று சொன்னால் அது தனிப் பிரச்சினை. அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று மத்திய வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. அதற்கு முறையிட வேண்டிய இடம் அதிகார சபை அல்ல, கார்டை வழங்கிய வங்கி.

நிகழ்ச்சி இரவில் இருக்கை கிடைக்காவிட்டால் சண்டை பிடிப்பதை விடப் படம் பிடிப்பது பயன் தரும். நேரம் தெரியும் படம், ரிக்கெற்றோடு சேர்ந்த கதிரை இலக்கத்தின் படம், பக்கத்தில் அதே நிலையில் நிற்கும் நாலு பேரின் தொலைபேசி இலக்கம். நாலாவது நாளிலோ ஐந்தாவது நாளிலோ, கோபம் ஆறிய பின், ஒழுங்கமைப்பாளருக்கு எழுத்தில் கேட்க வேண்டும். பதிலுக்கு 14 நாள் கொடுத்தால் போதும். பதில் வராவிட்டால் அதிகார சபை. யாழ்ப்பாணத்தில் அதன் அலுவலகம் மாவட்டச் செயலகத்தில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. தொலைபேசியில் சொன்னாலும் எழுத்திலும் கொடுக்க வேண்டும், மூன்று மாதக் கணக்கு எழுத்துக்குத்தான்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்:

“..... ஆம் திகதி ..... இல் நடந்த ..... நிகழ்ச்சியின் ரிக்கெற் விலை ரூபா ..... என விளம்பரம் செய்யப்பட்டிருந்தது. என்னிடம் அறவிட்டது ரூபா ...... மேலதிகமான ரூபா ..... பற்றி விளம்பரத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. ஒழுங்கமைப்பாளருக்கு ..... அன்று எழுதினேன், பதில் இல்லை. விளம்பரம், கட்டணத் திரை, பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவை மீறியதா என விசாரித்து, மேலதிகத் தொகையை மீளப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

ஏகபோகம், கொள்ளை, மோசடி என்ற சொற்கள் இதில் இல்லை. இருந்தால் அதிகாரி அவற்றை நிரூபிக்கச் சொல்வார். இதே கடிதத்தை ஒரே நிகழ்ச்சிக்குப் போன இருபது பேர் தனித்தனியாக, தத்தம் பெயரிலும் தத்தம் பற்றுச்சீட்டோடும், ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்தால் அது கூட்டு வழக்கு ஆகாது. ஆனால் ஒரு வாடிக்கையாளரின் எரிச்சல் என்று தள்ளிவைக்க முடியாத அடுக்காக மேசையில் இருக்கும். இருபது கையெழுத்து வைத்த ஒரே மகஜரை விட இது நல்லது. மகஜர்களுக்கு இங்கே பழக்கப்பட்ட ஒரு விதி இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த விதி.

தொகை சற்றுப் பெரிது, வெளிநாட்டில் இருந்து வந்தவர் குடும்பத்தோடு முன்வரிசை வாங்கியிருந்தார் என்றால், மத்தியஸ்த சபையும் ஒரு வழி. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான சபைகள் இவை. கட்டணம் இல்லை. ஒழுங்கமைப்பாளர் ஊரில் இருப்பவர் என்றால் அங்கே முகத்துக்கு முகம் இருத்திப் பேசும்போது பல விஷயம் முடிந்துவிடும். கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவர் என்றால் வரமாட்டார். அந்த நாளை வீணாக்க வேண்டாம்.

அளவுக்கு மேல் விற்றார்கள் என்ற சந்தேகத்துக்கு இன்னொரு கருவி இருக்கிறது, அதிகம் பேர் நினைப்பதில்லை. காசுக்கு நடக்கும் களியாட்டங்களுக்கு 1946ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி உள்ளூராட்சி சபை களியாட்ட வரி அறவிடலாம். அதற்காக ரிக்கெற்றுகள் சபையின் பார்வைக்குப் போகின்றன. எத்தனை ரிக்கெற்றுக்கு, எந்தெந்த விலையில் வரி கணக்கிடப்பட்டது என்ற விவரம் சபையின் கோவையில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ உள்ள தகவல் உத்தியோகத்தரிடம் அதைக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். சபைக்குக் காட்டிய எண்ணிக்கையும் மைதானத்துக் கதிரைகளின் எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால், அதிகார சபைக்குப் போகும் கோவை கனக்கும். இந்தத் தகவல் வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடலாம் என்பதால் முறைப்பாட்டை முதலில் கொடுத்துவிட்டு, தகவலைப் பின்னால் சேர்ப்பதே சரியான ஒழுங்கு.

கடைசியாக, வெளிநாட்டு உறவினர்களுக்கு வரும் மின்னஞ்சல்கள். ரொறன்ரோவிலோ நியூ ஜேர்சியிலோ இருக்கும் தங்கச்சிக்கு, “நீங்கள் ரிக்கெற் வாங்கியிருந்ததால் ஒரு கூட்டு வழக்கின் உறுப்பினர்” என்று ஒரு கடிதம் வரும். பலர் அதை மோசடி என்று அழித்துவிடுகிறார்கள். சிலர் அதற்கு நேர்மாறாக, உண்மையான மோசடியில் போய்ச் சிக்குகிறார்கள். உண்மையான அறிவித்தலில் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு இலக்கமும் கோரிக்கைக்கான கடைசித் திகதியும் இருக்கும். வழக்கிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை பற்றியும் எழுதியிருக்கும். கோருவதற்கு ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். பணம் விடுவிக்க முதலில் வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கம் வேண்டும், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று கேட்டால் அது வேறு ஆட்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், வழக்கின் பெயரைத் தனியாகத் தேடி, நீதிமன்றம் ஏற்ற நிர்வாகியின் தளத்துக்குப் போக வேண்டும். விலகிக்கொள்ளாமலும் கோராமலும் விட்டால், கிடைக்கக்கூடிய சின்னத் தொகையும் போகும், அதே விஷயத்துக்காகத் தனியாக வழக்காடும் உரிமையும் பெரும்பாலும் போகும்.